பக்கெட் சாட்சி

நீச்சல் குளத்தின் இரண்டாம் படியில் வைத்த பக்கெட் அசையாமல் இருந்தது. உள்ளே குளத்துத் தண்ணீரை நிரப்பி, ஒரு செங்கல்லைப் போட்டு வைத்திருந்தாள். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கிக் குனிந்தாள். பக்கெட்டின் உட்புறம் நேற்றுக் காலை ஆறு மணிக்கு மார்க்கரால் போட்ட ஒரு கோடு. வெளிப்புறம், குளத்து மட்டத்துக்கு, இன்னொரு கோடு. இரும்பு ஸ்கேலை வைத்து அளந்தாள். உள்ளே தண்ணீர் எட்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. வெளியேயும் எட்டு. நம்பிக்கை வராமல் மறுபடி அளந்தாள். எட்டுதான்.

குளத்தில் எங்காவது விரிசல் இருந்தால், அல்லது யாராவது மொண்டுகொண்டு போயிருந்தால், வெளியே அதிகம் இறங்கியிருக்க வேண்டும். பக்கெட்டில் விரிசல் இல்லை. பக்கெட்டிலிருந்து யாரும் திருடவில்லை. இரண்டிலும் குடித்தது ஒரே வெயில்.

அந்தக் குடியிருப்பு வளாகத்தின் குளத்தைப் பராமரிப்பவள் அவள். கரையேறி, பம்ப் அறை நிழலில் உட்கார்ந்து மேனேஜருக்காகக் காத்திருந்தாள். அந்த அறையின் கொக்கியில் அவள் கணவனின் நீலச் சட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பதினோரு வருஷம் அந்த வளாகத்தின் மோட்டார்களைப் பார்த்துக்கொண்டவன். எல்லாரும் அவனை மோட்டார்க்காரர் என்றே கூப்பிட்டார்கள். போன வாரம், குளத்தில் தினம் ஒரு விரற்கடை தண்ணீர் குறைகிறது, அது பின்வாசல் வழியாகக் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு விற்கப்படுகிறது என்று மேனேஜர் குடியிருப்போர் கமிட்டியில் சொன்னார். அன்று சாயந்தரம் வாசலில் அவன் வண்டியை நிறுத்திச் சோதித்தார்கள். முன்பக்கம் ஒரு ஐந்து லிட்டர் கேன் இருந்தது. வீட்டுக் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் எல்லாரும் எடுத்துப் போவதுதான். மேனேஜரே அனுமதித்ததுதான். கேனைக் கையில் பிடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். அன்றே வேலையை விட்டும் நிறுத்தினார்கள்.

மேனேஜர் ஒன்பதரைக்கு வந்தார். கூடவே தோட்டக்காரர்கள் இரண்டு பேர்.

"என்னம்மா இது, குளத்துல பக்கெட் மிதக்குது?"

"மிதக்கல சார். அளவு பாக்க வச்சது. ரெண்டு கோட்டையும் பாருங்க. உள்ள எட்டு, வெளிய எட்டு. தண்ணிய யாரும் எடுக்கல சார். வெயில்தான் எடுக்குது."

"வெயிலா?" அவர் தோட்டக்காரர்களைப் பார்த்துச் சிரித்தார். "வெயிலுக்கு அவ்ளோ பெரிய வயிறா?"

"ஃபவுண்டன் ஓடாமயே எட்டு மில்லி சார். ராத்திரி ஃபவுண்டன் போட்டா இதுக்கு ரெண்டு மடங்கு போகும். ஒரு விரற்கடை சரியா வரும். நீங்களே ஒரு நாள் கூட இருந்து..."

"நான் கமிட்டில போயி என்னம்மா சொல்றது? பக்கெட் சாட்சி சொல்லுதுன்னா? கூண்டுல ஏத்தி சத்தியம் வாங்கவா?"

தோட்டக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவன் சிரித்துவிட்டு அவளைப் பார்த்ததும் தரையைப் பார்த்தான். மேனேஜர் படி ஓரமாக வந்து ஷூ நனையாமல் காலை நீட்டி, பக்கெட்டின் விளிம்பைத் தள்ளினார். அது சாய்ந்து குளத்தோடு கலந்தது. செங்கல் உருண்டு கீழ்ப் படியின் ஓட்டில் விழுந்தது. ஓட்டின் மூலை பெயர்ந்தது.

"டைல்ஸும் போச்சு. புருஷனும் பொண்டாட்டியுமா சேந்து இந்த எடத்த ஒரு வழி பண்ணிடுவீங்க." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இனிமே ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. அந்த ஃபவுண்டன் ஆட்டம் வேணாம். சுவிட்ச் மேல டேப் ஒட்டிடு. குளிருக்கு வாங்கின நீலக் கவர் சும்மாதான கெடக்கு? நீந்துற நேரம் போக மத்த நேரமெல்லாம் போட்டு மூடு. ஒரு விரல் தண்ணி குறையக் கூடாது."

அவளுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தண்ணீர் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது; போகவிடாமல் மூடினால் சூடு உள்ளேயே தங்கும். அவள் கணவன் இதை ஒவ்வொரு கோடையிலும் புதிதாகக் கண்டுபிடித்தவன் மாதிரி சொல்வான். "குளத்துக்கு வேர்க்கணும். வேர்க்க விடலேன்னா காய்ச்சல்தான்." இரவு முழுக்க அவன் ஃபவுண்டனை ஓடவிட்டது அதனால்தான். மேனேஜர் அதை அழகுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"வேற ஏதாவது சொல்லணுமா?"

உடைந்த ஓட்டை அவள் பார்த்தாள். வந்த சொல்லை மென்று விழுங்கினாள்.

"ஒண்ணுமில்ல சார். நோட்டுல எழுதிக் குடுத்துட்டீங்கன்னா சரியாச் செஞ்சிடுவேன். நாளைக்கு நானா மாத்துனேன்னு ஆகக் கூடாதுல்ல."

பணிவு தெரிந்தவள் என்று அவருக்குத் திருப்தியாக இருந்தது. குளத்து நோட்டை வாங்கி, ஃபவுண்டன் ஓடக் கூடாது, கவர் எந்நேரமும் போட்டிருக்க வேண்டும் என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தையும் நீளமாக இழுத்தார். வளாகத்தின் நீச்சல் போட்டிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

சாயந்தரம் வாசலில் காவலாளி அவளை நிறுத்தினான். சின்ன வயசுக்காரன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மோட்டார்க்காரன் வீட்டில்தான் ஒரு மாதம் தங்கியிருந்தான்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. புது உத்தரவு. வெளிய போறவங்க பாட்டில்ல தண்ணி இருந்தா இதுல ஊத்தணுமாம்." நாற்காலிக்கு அடியில் சிவப்பு பக்கெட் ஒன்று இருந்தது. "ரொம்பினதும் குளத்துல கொண்டுபோய் ஊத்தணுமாம்."

"குடிக்கிற தண்ணியையா?"

"நம்ம எடத்துத் தண்ணி நம்ம குளத்துக்கே போகட்டும்னு சொல்லிட்டாரு. நான் வாயத் தொறக்கல."

அவள் பாட்டிலைக் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு விழும் வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் கணவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவன் அக்கா அடுப்படியில் பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? உன் புருஷன் இன்னைக்கு ரொம்ப வேலை பாத்தான். காலைல இந்தப் பக்கம் படுத்திருந்தான், மத்தியானம் அந்தப் பக்கம் திரும்பினான்."

"விடுங்க அண்ணி."

"விட்டுட்டேன். நேத்து மூணு எடத்துல போய் வேலை கேட்டுட்டு வந்தானாம். மூணு எடத்துலயும் அந்தப் போட்டோவ காட்டுறாங்களாம். கேனப் புடிச்சிக்கிட்டு நிக்கிறது. ஊருக்கே அனுப்பிட்டாங்க போல."

அவள் கணவன் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததைத் தாழ்ந்த குரலில் சொன்னாள். நோட்டில் கையெழுத்து வாங்கியதைச் சொன்னபோது அவன் திரும்பினான்.

"மூடி வச்சா கொதிக்குமே. நீ சொல்லலையா?"

"எதுக்குச் சொல்லணும்?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். பார்வை கூரையில் எதையோ கணக்குப் போட்டது. "இன்னைக்கு எவ்ளோ?"

"முப்பத்தொண்ணரை டிகிரி."

"இந்த வெயிலுக்கு எட்டு நாள்ல முப்பத்தேழு தாண்டிடும். நடுவரு தெர்மாமீட்டரோட வருவாரு. விசில் ஊத மாட்டாரு."

"ஊத மாட்டாருன்னுதான் நானும் நெனைக்கிறேன். அவ்ளோ பேரு முன்னாடி அந்த ஆளு நோட்டத் தொறந்து அவரு கையெழுத்த அவரே படிக்கணும்."

"பிள்ளைங்க எறங்குமே."

"அளவு பாக்காம யாரையும் எறக்க மாட்டேன். நான் என்ன அவரா?"

அவன் சிரித்த மாதிரி இருந்தது. "நல்லாத் தண்ணி காட்டுற ஆளுதான் நீ," என்றான். வேலை போன பிறகு அவன் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது.

அவள் உத்தரவை ஒரு அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினாள். காலையில் நீந்துகிறவர்கள் போனதும் நீலக் கவரை உருளையிலிருந்து இழுத்து விரிப்பாள். குமிழ்கள் வைத்த தடித்த பிளாஸ்டிக். மூலைகளைக் கையால் நீவி, ஓரத்தில் ஒரு கை நுழையும் இடைவெளி கூட இல்லாமல் பார்த்துக்கொள்வாள். சூட்டில் குளோரின் சீக்கிரம் செத்துவிடும் என்பதால் அதை மட்டும் கூடுதலாகப் போட்டாள். தண்ணீர் கெட்டுப்போனது என்று ஒரு குறை வந்துவிடக் கூடாது. காலை ஆறுக்கும் மாலை நாலுக்கும் நோட்டில் எழுதினாள். முப்பத்திரண்டு. முப்பத்திரண்டே முக்கால். முப்பத்து மூன்றரை. எழுதும்போது எழுத்து அழகாக விழுந்தது.

நாலாம் நாள், தினமும் வரும் பெரியவர் ஒருவர் இறங்கிய வேகத்தில் ஏறினார்.

"ஹீட்டர் போட்டிருக்கீங்களாம்மா? இந்த வெயில்லயா?"

"இல்ல சார். மூடி வைக்கச் சொல்லி உத்தரவு."

"சோப்பு குடுத்தா துணியே தொவைக்கலாம் போலிருக்கு."

அவள் தலையைக் குனிந்துகொண்டு கால் கழுவும் தொட்டியைத் தேய்த்தாள். முகத்தை யாரும் பார்க்காதவரை சிரிக்கலாம்.

ஐந்தாம் நாள் மேனேஜர், கமிட்டிச் செயலாளரையும் இன்னும் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். செயலாளர் வெள்ளைத் தொப்பி போட்ட அம்மாள். மேனேஜர் கவரின் ஒரு மூலையைத் தூக்கச் சொன்னார். அவள் தூக்கிப் பிடித்தாள். ஆவி முகத்தில் அடித்தது. ஆனால் யாரும் கையை விட்டுப் பார்க்கவில்லை. எல்லாரும் சுவரில் இருந்த மட்டக் கோட்டைத்தான் பார்த்தார்கள்.

"பாருங்க மேடம். அஞ்சு நாளாச்சு. கோட்ட விட்டு எறங்கவே இல்ல. தண்ணி லாரியும் கூப்பிடல." மேனேஜர் குரலைத் தணித்தார், அவளுக்குக் கேட்கும் அளவுக்குத்தான் தணித்தார். "ஆளு போனதும் தண்ணி நிக்குது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

செயலாளர் தலையை ஆட்டினார். "அப்ப நீங்க சொன்னது சரிதான்."

கவரின் மூலை அவள் கையில் கனத்தது. மூடினால் மட்டம் இறங்காது என்பது அவளுக்குத் தெரியும். சூட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, இறங்காத மட்டம் என்ன பேசும் என்று தோன்றவே இல்லை. அவர்கள் போன பிறகும் வெகுநேரம் மூலையைப் பிடித்தபடியே நின்றாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் அவன் கேட்டான்: "எவ்ளோ?"

"முப்பத்தஞ்சு."

"மட்டம்?"

அவள் பையைக் கொக்கியில் மாட்டினாள். சொம்பை எடுத்தாள்.

"எறங்கல." அவனே சொன்னான். எத்தனை வருஷம் பார்த்த குளம். "எறங்காதுல்ல. மூடியிருக்கே." தரையில் விரலால் ஒரு கோடு இழுத்தான். "அப்ப நான்தான் திருடன்னு நீயே கோடு போட்டுக் குடுத்துட்ட."

"ஞாயித்துக்கிழமை போட்டி வரட்டும்," என்றாள். "எல்லாத்துக்கும் சேத்து வரட்டும்."

அவன் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினான். அவள் அன்று சாப்பிடவில்லை. விட்டுவிடலாமா என்று ஒரு தரம் யோசித்தாள். இரண்டு இரவு ஃபவுண்டனை ஓடவிட்டால் சூடு இறங்கிவிடும். மட்டமும் இறங்கும். யாரிடமாவது எடுத்துச் சொல்லலாம். யாரிடம் என்று யோசித்தபோது செயலாளரின் தலையாட்டல் கண்ணில் வந்தது. மறுநாள் காலையில் கவரை இன்னும் இறுக்கி விரித்தாள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு நடுவர் வந்தார். தோல் உறையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துக் கயிற்றில் கட்டி இறக்கினார். மூன்று நிமிஷம் கழித்து எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"முப்பத்தேழு. என்னங்க இது, உடம்பு சூடு! முப்பத்திரண்டுக்கு மேல இருந்தா நான் விசில் ஊத மாட்டேன். சின்னப் பிள்ளைங்க மயங்கி விழுந்தா யாரு பொறுப்பு?"

மேனேஜரின் முகம் வெளுத்தது. வெயிலிலும் அது நன்றாகத் தெரிந்தது. கேன்வாஸ் பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். செயலாளர் தொப்பியைக் கழற்றினார்.

"ஏம்மா, நீ என்ன பண்ணிட்டிருந்த?" மேனேஜர் அவள் மேல் பாய்ந்தார். "தண்ணி சூடாவுறது தெரியாது? ஏன் சொல்லல?"

இந்தக் கேள்விக்காக எட்டு நாள் காத்திருந்தவள். நோட்டைத் தயாராகக் கக்கத்தில் வைத்திருந்தாள். அவரிடம் தராமல் செயலாளரிடம் நீட்டினாள்.

"தினமும் ரெண்டு வேளை எழுதியிருக்கேன் மேடம். ஃபவுண்டன நிறுத்தச் சொன்னதும், கவர் போடச் சொன்னதும் மேல இருக்கு. சார் கையெழுத்து." பிறகு மேனேஜரைப் பார்த்தாள். அவர் முகத்தை இவ்வளவு நேராக அவள் இதுவரை பார்த்ததில்லை. "வாயால சொன்னா பக்கெட் சாட்சியான்னு கேப்பீங்க சார். அதான் எழுதி வச்சேன்."

பந்தல்காரன் ஒருவன் செருமினான். செயலாளர் விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். "இது உங்க எழுத்துதான?"

"தண்ணிய மிச்சம் பண்ணச் சொன்னது கமிட்டி மேடம்..." என்ற மேனேஜர் பாதியில் நிறுத்திக் கைக்குட்டையைத் தேடினார்.

அவள் அதை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். மேலுதட்டு வியர்வை, ஷூ நுனியைத் தேடும் கண், எல்லாவற்றையும். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

வீட்டில் நடித்தே காட்டினாள். நாத்தனார் கரண்டியோடு வந்து நின்று, "அந்தக் கடைசி எடத்த இன்னொரு வாட்டி பண்ணு," என்றாள். அவன் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்து முடித்து, "எனக்கும் ஒண்ணு அமைஞ்சிருக்கு," என்றான். "ஐஸ் கம்பெனில. நாளைக்கு ஒரு நாள் மட்டும். அவசர லோடாம், நெறைய ஆளு கேட்டிருக்காங்க. காலைல நாலு மணிக்கே வரச் சொன்னாங்க. போட்டோல்லாம் யாரும் கேக்கல."

"எங்க எறக்கணுமாம்?"

"அதெல்லாம் லாரில ஏறினாத்தான் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு அவள் வளாகத்துக்கு வந்தபோது வாசலை மறித்துக்கொண்டு இரண்டு லாரிகள் நின்றன. உமி சிதறிக் கிடந்தது. வண்டி உள்ளே போக வழி இல்லாததால் ஆட்கள் சாக்கை மடித்துத் தோளில் போட்டு, ஒவ்வொரு ஐஸ் பாளமாகத் தூக்கிக்கொண்டு குளம் வரை நடந்தார்கள். ஒரு பாளம் ஐம்பது கிலோ. நூற்றி எண்பது பாளம் என்று காவலாளி சொன்னான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஃபவுண்டன் சுவிட்சின் மேல் இருந்த டேப் கிழிந்து தொங்கியது. இரவு முழுக்க ஓடியிருக்கிறது. கவரைச் சுருட்டி மூலையில் எறிந்திருந்தார்கள். மேனேஜர் புதுச் சட்டையில், கையில் போனோடு, "சீக்கிரம், சீக்கிரம், எட்டரைக்குள்ள முடியணும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும், "தெர்மாமீட்டர் எடும்மா. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ சொல்லிட்டே இரு," என்றார். நேற்று எதுவும் நடக்கவில்லை என்பது போலிருந்தது குரல். நோட்டு மேஜைமேல் இருந்தது. எட்டு நாட்களுக்கு முந்தைய பக்கம் அதில் இல்லை. கிழித்த இடத்தில் நூல் மட்டும் தெரிந்தது.

சாக்கை முக்காடு போல இழுத்துவிட்டிருந்த ஒருவன் வலது குதிகாலைச் சற்றுத் தூக்கி வைத்து நடந்து வந்தான். மோட்டார் விழுந்து நசுங்கிய குதிகால். அவள் தெர்மாமீட்டர் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். அவன் ஓரத்தில் முழங்காலிட்டு, பாளத்தைத் தண்ணீர் தெறிக்காமல் மெல்ல இறக்கினான். குளத்தில் எதையும் அப்படித்தான் இறக்குவான். முதுகோடு சட்டை ஒட்டியிருந்தது. கழுத்தில் ஐஸ் பட்ட இடம் சிவந்திருந்தது.

"எவ்ளோ?" என்றான், தலையைத் தூக்காமல்.

"முப்பத்தஞ்சேமுக்கால்."

அவன் போனான். திரும்பி வந்தான். அந்த வரிசை நிற்காமல் சுற்றியது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இறக்கினான், ஒவ்வொரு முறையும் கேட்டான், அவள் சொன்னாள். முப்பத்தஞ்சு. முப்பத்திநாலு. முப்பத்திமூணு. ஒரு தரம் மேனேஜர் அவனுக்கு இரண்டடி தள்ளி நின்று, "ஏய், இடது பக்கமாப் போடு, எல்லாம் ஒரே எடத்துல குவியுது," என்றார். அவனைப் பார்த்தே சொன்னார். ஈரச் சாக்குக்குள் இருந்த முகம் அவருக்குத் தெரியவில்லை. அவன் இடது பக்கமாகப் போட்டான்.

இருபது தரத்துக்குப் பிறகு அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். மூச்சு வாங்கியது. அவளாகவே சொன்னாள்.

எட்டே முக்காலுக்கு நடுவர் தன் தெர்மாமீட்டரைத் தூக்கிப் பார்த்து, "முப்பத்தொண்ணு எட்டு. சரி," என்றார். பந்தலில் கைதட்டினார்கள். செயலாளர் மேனேஜரின் கையைக் குலுக்கி, "எப்படியோ சமாளிச்சிட்டீங்க," என்றார். குளம் விளிம்பு தட்டியிருந்தது. எட்டு நாள் ஒரு விரல் குறையாமல் காத்த தண்ணீரின் மேல் ஒன்பதாயிரம் லிட்டர் ஐஸ் கரைந்திருந்தது. கடைசிச் சில்லுகள் உருகும்போதே தண்ணீர் ஓரக் கல்லைத் தாண்டி, சுற்றுக் கால்வாயில் இறங்கி, மதிலுக்கு வெளியே சாக்கடைக்குப் போகத் தொடங்கியது.

"நோட்டுல எழுதிடும்மா," என்றார் மேனேஜர். "ஐஸ் ஐடியா யாருதுன்னும் எழுது." அவரே சிரித்துக்கொண்டு பந்தலுக்குப் போனார்.

கம்பி வேலிக்கு அப்பால் வாசல் தெரிந்தது. லாரி ஆட்கள் வரிசையாக நின்றார்கள். காவலாளி சிவப்பு பக்கெட்டை வெளியே இழுத்து வைத்திருந்தான். ஒவ்வொருவரும் கேள்வியாகப் பார்த்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த பாட்டிலைக் கவிழ்த்தார்கள். மோட்டார்க்காரன் முறை வந்தபோது காவலாளி பக்கெட்டைக் காலால் பின்னுக்குத் தள்ளினான்.

"நீங்க போங்கண்ணே."

அவன் போகவில்லை. குனிந்து பக்கெட்டை முன்னுக்கு இழுத்தான். பாட்டிலைக் கவிழ்த்தான். பிறகு சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். தோளில் தோல் உரிந்திருந்தது. சட்டையை இரண்டு கையாலும் முறுக்கி, பக்கெட்டுக்கு மேலே பிடித்து, கடைசிச் சொட்டு விழும் வரை பிழிந்தான்.

"இதுவும் உங்க எடத்துத் தண்ணிதான்," என்றான்.

முதல் விசில் ஊதியது. ஆறு சிறுவர்கள் ஒன்றாகக் குதித்தார்கள். எல்லாப் பக்கமும் ஓரக் கல்லைத் தாண்டித் தண்ணீர் எழும்பி விழுந்தது; அவள் கால்களை நனைத்துக்கொண்டு கால்வாய்க்கு ஓடியது. கைதட்டலுக்கு நடுவில் காவலாளி சிவப்பு பக்கெட்டைச் சுமந்துகொண்டு வந்தான். நிறைந்துவிட்டது, உத்தரவு. அவளைப் பார்க்காமல் குளத்தோரம் நின்று, அதை மெல்லச் சாய்த்து ஊற்றினான். ஊற்ற ஊற்ற, அவன் செருப்பைச் சுற்றிக்கொண்டு அத்தனையும் சாக்கடைப் பக்கம் போனது.